பிக்சர் செட்டிங்கைக் கருப்பிலிருந்து தொடங்குங்கள்

ஒரு டிவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு ஷாட்தான் கிடைக்கும் என்றால், இருட்டான அறையில் கருத்த தலைமுடியோடு ஒருவர் நிற்கும் ஷாட்டைத்தான் கேட்பேன். முடி எங்கே முடிகிறது, பின்னால் சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். எண்ணெய் வைத்து வாரிய முடியில் விளக்கு வெளிச்சம் பட்ட இடமும் படாத இடமும் பிரிந்து தெரிய வேண்டும். அதே சமயம் கருப்பு சாம்பல் பூத்துவிடக் கூடாது. பல வீடுகளில் நான் பார்ப்பது இந்த இரண்டு கேட்டில் ஒன்று: முடியும் சுவரும் ஒட்டிக்கொண்டு ஒரே கரித்திட்டாகிவிடும், இல்லையென்றால் படம் முழுக்க வெளிறிக் கிடக்கும்.

நம் படங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாநிறம், கருப்பு, இரண்டுக்கும் நடுவே உள்ள எத்தனையோ நிறங்கள் என்று நம் ஊர் முகங்கள் பெரும்பாலும் திரை வெளிச்சத்தின் கீழ்ப்பாதியில்தான் இருக்கின்றன. டைனமிக் கான்ட்ராஸ்ட், ஸ்கின் டோன், விவிட் மோட் எல்லாம் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான். கருத்த முகத்தை வெளுக்கும், மாநிறத்தில் சிவப்பை ஏற்றும். ஒளிப்பதிவாளரும், படத்தின் நிறத்தைச் சீராக்கும் கலரிஸ்ட்டும் அந்த வேலை நடக்கும் டிஐ அறையின் இருட்டில் உட்கார்ந்து, இந்த முகம் இந்த அளவுக்கு இருட்டில் இருக்கட்டும் என்று ஷாட் ஷாட்டாக முடிவு செய்ததை நம் ஹாலில் இருக்கும் ஒரு சிப் ‘சரி’ செய்கிறது. ஒரு கலைஞரின் நிறத்தை அவரைக் கேட்காமல் மாற்றுவது எனக்குப் பொறுக்காது. பிக்சர் செட்டிங் பக்கம் நான் வந்ததே அதனால்தான்.

இதைச் சரிசெய்ய விலை உயர்ந்த கருவி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கருவி கடைசியில் வரும் விஷயம். முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, படம் நம் கண்ணுக்கு வரும் வழி. என் வீட்டில் செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், புளூ-ரே பிளேயர் மூன்றும், படத்தைத் திரைக்கும் ஒலியை ஸ்பீக்கருக்கும் பிரித்துத் தரும் ஏவி ரிசீவருக்குள் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் டிவிக்கு, இன்னொன்று டிவிக்கு முன்னால் இறங்கும் திரைக்கான புரொஜெக்டருக்கு. இதில் ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தமாக ஒரு பிக்சர் மெனு இருக்கிறது. பிளேயர் கொஞ்சம் ஷார்ப்னஸ் ஏற்றும், ரிசீவர் அதை ஸ்கேல் செய்யும், டிவி அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஷார்ப்னஸ் போடும். மூன்று பேர் திருத்திய பிறகு எது யார் வேலை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால் நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். கடைசியில் இருக்கும் திரை மட்டும் படத்தைத் தொடலாம், மற்ற எல்லாம் வந்ததை வந்தபடி கடத்த வேண்டும். பிளேயரில் பிக்சர் மோட் ஸ்டாண்டர்டில், எல்லா அளவும் பூஜ்யத்தில், நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆஃப். ரிசீவரில் வீடியோ புராசஸிங், அப்ஸ்கேலிங் ஆஃப். சில ரிசீவர்களில் இதற்கு ‘பைபாஸ்’ அல்லது ‘பாஸ் த்ரூ’ என்று ஓர் ஆப்ஷன் இருக்கும், அதை வைத்துவிட்டால் முடிந்தது. ஆப்பிள் டிவி பெட்டியில் ஐஃபோனைத் திரைக்கு முன்னால் பிடித்து நிறத்தைச் சரிசெய்யும் வசதி 2021-இல் வந்தது. நல்ல யோசனைதான், ஆனால் அந்தத் திருத்தம் அந்தப் பெட்டியிலிருந்து வரும் படத்துக்கு மட்டும்தான். டிவியையே சரிசெய்துவிட்டால் அதைப் போடக் கூடாது, ஒரே குறையை இரண்டு முறை திருத்தியதாகிவிடும்.

ஸ்டிக்கிலும் பிளேயரிலும் ஒரு விஷயத்தை மட்டும் தேடிப்பிடித்து ஆன் செய்யுங்கள்: படத்தின் ஃப்ரேம் ரேட்டோடு பொருந்திப்போகும் ஆப்ஷன். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். பெட்டி எப்போதும் 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் ஒரு ஃப்ரேம் மூன்று தடவையும் அடுத்தது இரண்டு தடவையும் காட்டப்படும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது படம் தத்தித் தத்திப் போவது அதனால்தான்.

அடுத்தது ரேஞ்ச். இதை விட்டுவிட்டு மற்றதில் எவ்வளவு மெனக்கெட்டாலும் வீண். 8 பிட் வீடியோவில் கருப்பு என்பது 0 அல்ல, 16. வெள்ளை 255 அல்ல, 235. கம்ப்யூட்டர் உலகத்தில்தான் 0 முதல் 255 வரை. பெட்டி ஒரு கணக்கில் அனுப்பி, டிவி இன்னொரு கணக்கில் வாங்கினால் முதல் பத்தியில் சொன்ன கேடுகள் அப்படியே வரும். டிவி முழு ரேஞ்சை எதிர்பார்க்கும்போது 16-லிருந்து தொடங்கும் சிக்னல் வந்தால், கருப்பெல்லாம் சாம்பல். தலைகீழாக நடந்தால் நிழலில் இருக்கும் அத்தனையும் கருப்புக்குள் போய்விடும். கம்ப்யூட்டரையோ கேம் கன்சோலையோ டிவியில் மாட்டியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பெட்டியில் ‘லிமிடெட்’, டிவியில் ‘லிமிடெட்’ அல்லது ‘லோ’ என்று இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரைட்னஸை ஏற்றி இறக்கி இதைச் சரிக்கட்ட முயல்பவர்கள் நிறையப் பேர். அது சரியாகாது, ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை கெடும்.

இப்போது டிவிக்கு வருவோம். பிக்சர் மோடில் ‘சினிமா’, ‘மூவி’, ‘ஃபிலிம்மேக்கர்’ மூன்றில் எது இருக்கிறதோ அது. வேறு எதையும் செய்ய நேரமில்லாதவர்கள் இதை மட்டும் செய்தால்கூடப் பாதி வேலை முடிந்த மாதிரி. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து ஒரு சின்ன வீடியோவில், நடுவே செயற்கை ஃப்ரேம்களைச் சேர்த்து அசைவை வழுவழுப்பாக்கும் டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் யுஹெச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு ஃபிலிம்மேக்கர் மோடை அறிவித்தது. அந்த மோடைத் தேர்ந்தெடுத்தால் மோஷன், ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் தானாக அணையும். அது இல்லாத டிவி என்றால் கையால் அணைக்க வேண்டும். எனர்ஜி சேவிங், அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் சென்சார் இரண்டையும் மறக்காதீர்கள். அவை ஆனில் இருந்தால் நீங்கள் ஓர் அளவு வைக்க வைக்க டிவி அதை மாற்றிக்கொண்டே இருக்கும்.

சினிமா மோட் போட்டதும் வீட்டில் ஒரு கலவரம் வரும். எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை சேரில் உட்கார்ந்த உடனே கேட்டார், “என்னப்பா, டிவிக்கு மஞ்சக்காமாலையா?”

“ஒரு வாரம் பாருங்க அத்தை, அப்புறம் சொல்லுங்க” என்றேன்.

அத்தை சொன்னதில் தப்பில்லை. புது டிவி பெட்டியிலிருந்து வரும்போதே நீலம் தூக்கலாக வருகிறது, கண்ணும் அதையே வெள்ளை என்று பழகிவிடுகிறது. உலகம் முழுக்க வீடியோவுக்கு வெள்ளை என்று வைத்திருப்பது டி65, அதாவது சுமார் 6500 கெல்வின். ஹெச்டி வீடியோவுக்கான 709 தரத்திலும் அதுதான், இன்னும் அதிக வெளிச்ச வீச்சு உள்ள ஹெச்டிஆர் வீடியோவுக்கான தரத்திலும் அதுதான். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் ‘கூல் டேலைட்’ டியூப்லைட் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 6500கே என்று போட்டிருக்கும். ஆக, நாம் தினமும் பார்க்கும் டியூப்லைட் வெளிச்சமும் டிவியின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை டியூப்லைட் வெளிச்சத்தில் டிவி பக்கத்தில் பிடித்து, டிவியில் வெறும் வெள்ளையைக் காட்டிப் பாருங்கள். ‘கூல்’ அமைப்பில் டிவி பளிச்சென்று நீலமாகத் தெரியும். ‘வார்ம்’ பக்கம் போகப் போகத் தாளுக்கு நெருங்கி வரும். எல்லா டியூப்லைட்டும் ஒரே மாதிரி இருக்காது, சிலதில் பச்சை லேசாக ஓடும், அதனால் இதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மஞ்சள் என்று நினைத்தது மஞ்சள் இல்லை என்று வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

படம் பார்க்கும்போது அந்த டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். முழு இருட்டு கண்ணுக்குச் சிரமம் என்றால் டிவிக்குப் பின்னால் 6500கே எல்இடி ஸ்ட்ரிப் ஒன்றை ஒட்டி, சுவரில் விழும் வெளிச்சம் திரையின் வெள்ளையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளலாம். நிறம் மாறும் ஸ்ட்ரிப் வேண்டாம். பின்னால் ஊதா எரிந்தால் முகத்தில் பச்சை ஏறியது போல் கண் காட்டும்.

சரி, இனி பேட்டர்ன், அதாவது அளவு பார்ப்பதற்கென்றே செய்த சோதனைப் படங்கள். ஏவிஎஸ் ஹெச்டி 709 என்று ஆர்வலர்கள் சேர்ந்து செய்த ஒரு தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் கருப்புக்கான பேட்டர்னைப் போட்டால் திரை முழுக்கக் கருப்பு, நடுவில் வரிசையாக மெல்லிய பட்டைகள் மினுக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே அதன் எண் இருக்கும். 16-ம் அதற்குக் கீழே உள்ளவையும் தெரியக் கூடாது, 17-லிருந்து தெரிய வேண்டும். அறையை இருட்டாக்கிக் கண் பழகும் வரை காத்திருங்கள். டிவியும் அரை மணி நேரமாவது ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு பிரைட்னஸை ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டுங்கள். முதலில் 25 மினுக்கும், அப்புறம் 22, 20 என்று இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வரும். 17-ஐ ‘இருக்கிறதா இல்லையா’ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே பார்க்கும் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு புள்ளி கூட்டினால் பின்னணிக் கருப்பு லேசாக எழும். எல்சிடி திரையில் இந்த எழுச்சியைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம், ஓஎல்இடியில் சட்டென்று தெரியும். சில ஓஎல்இடிகளில் 17-ம் 18-ம் எவ்வளவு முயன்றாலும் தெரியாது. அதற்காகப் பிரைட்னஸை ஏற்றிக் கருப்பைக் கெடுக்காமல் 19-இல் திருப்தி அடைவது நல்லது.

பேட்டர்ன் முடிந்ததும் நான் போடுவது அந்தத் தலைமுடி ஷாட்தான். எந்தப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, இரவுக் காட்சியாக இருக்க வேண்டும். முன்பு கரித்திட்டாக இருந்த இடத்தில் காதோரம் ஒட்டிய முடிக்கற்றை, அதற்குப் பின்னால் சட்டையின் காலர், அதற்கும் பின்னால் ஜன்னல் கம்பி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் படும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையை எத்தனை பேர் வீட்டில் வேண்டுமானாலும் செய்துகொடுப்பேன்.

வெள்ளைக்கு கான்ட்ராஸ்ட். பேட்டர்ன் இதே மாதிரிதான், ஆனால் 230-க்கு மேல் உள்ள பட்டைகள். குறைந்தது 234 வரை தெரிய வேண்டும், அதற்கு மேலும் தெரிந்தால் நல்லது. பட்டைகள் வெள்ளையாக இல்லாமல் லேசாக இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், மூன்று நிறங்களில் ஒன்று உச்சியில் முட்டிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் இறக்குங்கள். வெள்ளை வேட்டியின் மடிப்பு வெயிலில் தெரிகிறதா என்பது இதற்கான கண் சோதனை. கான்ட்ராஸ்டை மாற்றினால் கருப்பு கொஞ்சம் அசையும், திரும்பப் போய் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷார்ப்னஸ் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. சாம்பல் பின்னணியில் மெல்லிய கருப்புக் கோடு உள்ள பேட்டர்னைப் போட்டு, கோட்டின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு முளைக்காத அளவுக்கு இறக்குங்கள். சில டிவிகளில் அது 0, சிலவற்றில் நடுவில். கலரும் டின்ட்டும் இன்றைய டிவிகளில் சினிமா மோடில் பெரும்பாலும் சரியாகவே வருகின்றன. நீல ஃபில்டர் வழியாகப் பார்த்துச் சரிசெய்யும் பழைய முறை எல்இடி வெளிச்சத்தில் நம்பகமாக இல்லை, அதனால் நான் அதைத் தொடுவதில்லை. வாழை இலை இலையாகத் தெரிந்தால் போதும். விவிட் மோடில் அது பிளாஸ்டிக் பச்சையாக ஜொலிக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பேட்டர்ன், படம் வரும் அதே வழியில் வர வேண்டும். பென் டிரைவில் போட்டு டிவியிலேயே செருகிச் சரிசெய்தால், டிவிக்குள் ஓடும் ஆப்களுக்குத்தான் அது உத்தரவாதம். பிளேயர் ஓர் இன்புட், ஸ்டிக் ஓர் இன்புட் என்றால் இரண்டிலும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். டிவிகள் பெரும்பாலும் ஒவ்வோர் இன்புட்டுக்கும், ஒவ்வொரு மோடுக்கும், எஸ்டிஆர் என்ற சாதாரண வீடியோ, ஹெச்டிஆர், ஹெச்டிஆரிலேயே ஒரு வகையான டால்பி விஷன் மூன்றுக்கும் தனித்தனி நினைவு வைத்திருக்கும். ‘எல்லா இன்புட்டுக்கும்’ என்ற ஆப்ஷன் இருந்தால் முதலில் ஒன்றைச் சரிசெய்து அதை அழுத்துங்கள், பிறகு ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கருப்புப் பேட்டர்னை மட்டும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வேறு மாதிரி வந்தால் தப்பு டிவியில் இல்லை, அந்தப் பெட்டியின் ரேஞ்சில். ரிசீவர் வழியாக வந்தால் டிவிக்கு எல்லாம் ஒரே இன்புட், அதனால் பெட்டிகளின் ரேஞ்சை ஒன்றாக்குவது இன்னும் முக்கியம்.

செட்டாப் பாக்ஸில் பேட்டர்ன் ஓட்ட முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. சினிமாஸ்கோப் படம் ஓடும் சேனலை வைத்து, அறையை இருட்டாக்கி, மேலும் கீழும் உள்ள கருப்புப் பட்டைகளைப் பாருங்கள். ஸ்டிக்கில் இதே மாதிரி ஒரு படத்தின் பட்டைகள் எப்படித் தெரிந்தனவோ, இங்கேயும் அப்படித் தெரிந்தால் ரேஞ்ச் சரி. சேனலின் அடியில் ஓடும் எழுத்து பாதி வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேன் ஆனில் இருக்கிறது, அதையும் அணைத்துவிடுங்கள். அது பிக்சர் டியூப் காலத்துப் பழக்கம், இன்றைய திரைக்கு அவசியமே இல்லை.

புரொஜெக்டர் கதை வேறு. அங்கே முதல் செட்டிங் அறைதான். 100 இன்ச் திரையின் பரப்பு கிட்டத்தட்ட 30 சதுர அடி. சினிமா தியேட்டருக்கான டிஜிட்டல் தரம் திரையின் வெள்ளைக்கு வைத்திருப்பது 48 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு), பழைய அலகில் 14 ஃபுட் லாம்பர்ட். அந்த வெளிச்சம் நம் திரையில் வர புரொஜெக்டர் வெளியிடும் ஒளி 415 லூமன் போல இருந்தால் போதும். பெட்டியில் 2500, 3000 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பிரமிக்கிறார்கள். அந்த எண் வருவது பெரும்பாலும் பச்சை அடிக்கும் ‘டைனமிக்’ மோடில். சினிமா மோடில் நிறம் சரியாக வரும், வெளிச்சம் குறையும், இருட்டறையில் அதுவே தாராளம்.

ஆனால் அறை உண்மையிலேயே இருட்டாக இருக்க வேண்டும். ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் திரையிலிருந்து வரும் வெளிச்சத்தைத் திரும்பத் திரைக்கே அனுப்பிக் கருப்பை வெளுக்கும். நம் ஊரில் ஆசையாக அடிக்கும் இளம்பச்சை, ரோஸ் சுவர்கள் இன்னும் மோசம், அந்தச் சாயம் அப்படியே முகங்களில் ஏறும். பெயின்ட்டை மாற்ற முடியாதவர்கள் திரைக்குப் பக்கத்தில் உள்ள சுவர்ப் பகுதியில் மட்டும் அடர்ந்த நிறத்தில் திரைச்சீலை போட்டாலே வித்தியாசம் தெரியும். புரொஜெக்டர் மெனுவில் மணிக்கணக்காகச் செலவழிப்பதைவிட இந்தச் சீலைக்கு நல்ல பலன் உண்டு என்பது என் கணிப்பு.

லேம்ப் உள்ள புரொஜெக்டரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. லேம்ப் ஆயுள் என்று போட்டிருக்கும் மணிக்கணக்கு பொதுவாக வெளிச்சம் பாதியாகும் வரையிலான கணக்கு. வெளிச்சம் குறையும்போது நிறமும் நகரும். அதனால் இதை ஒருமுறை செய்து மூடிவைக்க முடியாது, சில நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை கருப்பு, வெள்ளை இரண்டு பேட்டர்னையாவது பார்க்க வேண்டும். டிவியும் புரொஜெக்டரும் ஒரே ரிசீவரில் இருந்தால் இரண்டு அவுட்புட்டையும் சேர்த்துத் திறந்து வைக்காதீர்கள். பெரும்பாலான ரிசீவர்கள் இரண்டில் எது திறன் குறைந்த திரையோ அதற்கேற்ற சிக்னலைத்தான் பெட்டிகளிடம் கேட்டு வாங்கும். 1080பி புரொஜெக்டர் ஆனில் இருந்தால் 4கே ஹெச்டிஆர் டிவிக்கும் 1080பிதான் வரும்.

ஹெச்டிஆர் இருட்டாக இருக்கிறது என்ற புகார் எல்லோரிடமும் உண்டு. எஸ்டிஆரில் சிக்னல் சொல்வது ‘உன் உச்சத்தில் இத்தனை பங்கு’ என்று மட்டும்தான். ஹெச்டிஆர்10-லும் டால்பி விஷனிலும் இருக்கும் பிக்யூ முறை, 2014-இல் தரமானது, ‘இத்தனை நிட் காட்டு’ என்றே சொல்லும். 10,000 நிட் வரை சொல்ல அதில் இடம் இருக்கிறது. 350 நிட் தரும் டிவி அதைச் சுருக்கித்தான் காட்ட முடியும், பகல் வெளிச்சத்தில் மேலே ஏற்றிக்கொள்ளவும் இடம் இல்லை. அதற்குப் பிரைட்னஸை ஏற்றாதீர்கள், கருப்பு போய்விடும். இப்படிச் சுருக்கும் விதத்தை முடிவு செய்யும் டோன் மேப்பிங் ஆப்ஷனை மாற்றிப் பாருங்கள், டால்பி விஷன் என்றால் பகலுக்கு ‘பிரைட்’, ராத்திரிக்கு ‘டார்க்’. அப்படியும் போதவில்லை என்றால் அந்த டிவியில் எஸ்டிஆரே நன்றாக இருக்கும், தயங்காமல் அதையே பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருப்பது கிரேஸ்கேல். இருட்டிலிருந்து வெளிச்சம் வரை ஒவ்வொரு சாம்பலும் டி65-இலேயே நிற்கிறதா என்ற கேள்வி. இதைக் கண்ணால் செய்ய முடியாது, கண் நொடியில் பழகிவிடும். திரையில் வைத்து அளக்கும் கலரிமீட்டர் வேண்டும். ஹெச்சிஎஃப்ஆர் என்ற மென்பொருள் இலவசம், மீட்டர்தான் செலவு. ஊரில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம், தினமும் தேவைப்படும் பொருள் இல்லை அது. இணையத்தில் உங்கள் மாடலுக்கு யாரோ போட்டிருக்கும் வொய்ட் பேலன்ஸ் எண்களை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு பேனல் ஒரே மாதிரி இருக்காது, அவருடைய திருத்தம் உங்களுக்குப் புதுக் குறையாகவே முடியலாம். எல்லாம் முடிந்ததும் ஒவ்வோர் இன்புட்டின் மெனுவையும் ஃபோனில் படம் பிடித்து வையுங்கள், சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு சில டிவிகள் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும்.

பகலில் கிரிக்கெட் பார்ப்பவர்களோடு சண்டை வேண்டாம். ஜன்னல் திறந்த ஹாலில் சினிமா மோட் யாருக்கும் பிடிக்காது, பிடிக்கவும் வேண்டியதில்லை. சினிமா மோடை ராத்திரிக்கு ஒதுக்குங்கள். இன்னொரு மோடை எடுத்து அதே வார்ம், அதே ஷார்ப்னஸ் வைத்து, ஓஎல்இடி லைட்டையோ பேக்லைட்டையோ மட்டும் நன்றாக ஏற்றிப் பகலுக்குக் கொடுங்கள். பேக்லைட் கருப்பையும் வெள்ளையையும் சேர்த்தே தூக்கும் என்பதால் கான்ட்ராஸ்டும் பிரைட்னஸும் வைத்த இடத்திலேயே இருக்கும். எங்கள் வீட்டில் செட்டாப் பாக்ஸை ரிசீவரிலிருந்து கழற்றி நேராக டிவியின் வேறொரு இன்புட்டில் மாட்டி, அதில் இந்தப் பகல் மோடையே நிரந்தரமாக வைத்துவிட்டேன். அத்தை இப்போது அதில்தான் சீரியல் பார்க்கிறார்.